பண்ணைக்குப் பேரிடர் உதவிப் பணம்: அமெரிக்கக் கவுண்டி அலுவலகத்தில் வாங்குவது எப்படி?

டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் நகரத்தை விட்டுத் தள்ளி நிலம் வாங்கி, பத்து மாடு, இருபது ஆடு, நாலு தேன்பெட்டி என்று வைத்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாரநாளில் கணினி வேலை, சனி ஞாயிறில் பண்ணை என்று ஓடுகிறவர்களுக்கு அரசாங்கத்தின் பேரிடர் உதவி எந்த வாசலில் கிடைக்கும் என்பதே பெரும்பாலும் தெரிவதில்லை. வறட்சியோ காட்டுத்தீயோ வந்ததும் மத்திய அரசின் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபீமாவுக்குப் போன் போடுகிறார்கள். ஃபீமா வீட்டைப் பார்க்கும். செத்த மாட்டுக்கும் கருகிய புல்லுக்கும் பணம் தருவது வேளாண்மைத் துறையின் கீழ் இருக்கும் ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி, சுருக்கமாக எஃப்.எஸ்.ஏ. கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) அரசாங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பணம் வாஷிங்டனில் இருந்து வருகிறது. கவுண்டி அளவில் இருப்பது அலுவலகமும், உள்ளூர் விவசாயிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒரு குழுவும்தான்.

உதாரணத்துக்கு டெக்சாஸின் வட கோடியான பான்ஹாண்டில் பகுதியை எடுத்துக்கொள்கிறேன். 2024 பிப்ரவரி 26 அன்று ஹட்சின்சன் கவுண்டியின் ஸ்டின்னெட் ஊருக்குப் பக்கத்தில் பிடித்த ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ, கிழக்கே ஹெம்ஃபில் கவுண்டியின் கனேடியன் ஊரைச் சுற்றி எரித்துவிட்டு ஓக்லஹோமா எல்லையையும் தாண்டியது. பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் போயிற்று. டெக்சாஸ் வரலாற்றிலேயே இதுதான் பெரிய தீ. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் செத்ததாக மாநில அதிகாரிகள் கணக்குச் சொன்னார்கள். இந்த மாதிரி ஒரு தீ ஒரே பண்ணையில் மாடு, மேய்ச்சல், வைக்கோல், வேலி என நான்கையும் கொண்டுபோகும். நான்குக்கும் ஒரே விண்ணப்பம் என்று நினைத்தால் அங்கேதான் சிக்கல் ஆரம்பம். மாட்டுக்கு ஒன்று, மேய்ச்சலுக்கும் வைக்கோலுக்கும் ஒன்று, வேலிக்கு ஒன்று என்று திட்டமும் படிவமும் வேறு வேறு.

படி 1: பேரிடர் வருவதற்கு முன்பே அலுவலகத்தில் பெயர் இருக்கட்டும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். எஃப்.எஸ்.ஏ.யின் பார்வையில், பதிவு இல்லாத பண்ணையில் மாடும் இல்லை, புல்லும் இல்லை. தீ அணைந்த மறுநாள் முதல்முறையாக அந்த வாசலில் போய் நிற்பவர், பத்திரம், குத்தகை ஒப்பந்தம், வருமானச் சான்று என்று ஓடிக்கொண்டிருக்கும்போது, ஏற்கெனவே பதிந்து வைத்த பக்கத்துப் பண்ணைக்காரர் நேராக இழப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்.

உங்கள் நிலம் எந்தக் கவுண்டியோ அதற்கான அலுவலகத்துக்குப் போன் போட்டு நேரம் வாங்குங்கள். எல்லாக் கவுண்டியிலும் அலுவலகம் இருக்காது. சிறிய கவுண்டிகள் இரண்டு மூன்றுக்குச் சேர்த்து ஒன்று இருக்கும். போகும்போது எடுத்துப் போக வேண்டியவை: அடையாள அட்டை, சமூகப் பாதுகாப்பு எண், நிலத்தின் பத்திரம் அல்லது குத்தகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம், நிலம் எல்.எல்.சி. என்ற வகை நிறுவனத்தின் பெயரில் என்றால் அதன் பதிவு ஆவணங்களும் வரி எண்ணும். அவர்கள் நிலத்துக்கு ஒரு பண்ணை எண் கொடுப்பார்கள். அதோடு சில படிவங்களில் கையெழுத்து வாங்குவார்கள். சி.சி.சி.-902 என்பது பண்ணையை யார் எப்படி நடத்துகிறார் என்பதற்கு. சி.சி.சி.-941 வருமானத்துக்கு, மூன்று வரி ஆண்டுகளின் சராசரி வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டக்கூடாது என்பது பொது விதி. ஏ.டி.-1026 என்பது மண்ணரிப்பு நிலத்தையும் சதுப்பு நிலத்தையும் கெடுக்கமாட்டேன் என்ற உறுதிமொழி. இந்த மூன்றில் ஒன்று கோப்பில் இல்லை என்றாலும் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பணம் நிற்கும்.

இங்கே நம்மவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த உதவித்தொகைகள் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும்தான். எச்-1பி விசாவில் இருந்துகொண்டு நிலம் வாங்கலாம், மாடு வளர்க்கலாம், ஆனால் இந்தப் பணத்தை எதிர்பார்க்க முடியாது. நாலு நண்பர்கள் சேர்ந்து எல்.எல்.சி. போட்டு நிலம் வாங்கியிருந்தால், தகுதி இல்லாத நண்பரின் பங்கு அளவுக்குத் தொகை குறையும். அது மட்டும் இல்லை. 1978ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் விவசாய நிலம் வாங்கினால் 90 நாளுக்குள் இதே எஃப்.எஸ்.ஏ. அலுவலகத்தில் எஃப்.எஸ்.ஏ.-153 என்ற படிவம் கொடுக்க வேண்டும். மொத்தம் பத்து ஏக்கருக்கு உட்பட்டு, விளைச்சல் வருமானமும் சொற்பமாக இருந்தால் விலக்கு. தவறினால் அபராதம் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை போகலாம். ரியல் எஸ்டேட் தரகர் இதை உங்களிடம் சொல்லுவார் என்று நம்பி இருக்காதீர்கள்.

படி 2: பரப்பு அறிக்கை

ஆண்டுதோறும் எந்த வயலில் என்ன இருக்கிறது, எத்தனை ஏக்கர் மேய்ச்சல், எவ்வளவு வைக்கோல் புல் என்று எஃப்.எஸ்.ஏ.-578 படிவத்தில் பதிய வேண்டும். நம்மூர் அடங்கலைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் எழுதுகிறவர் அதிகாரி இல்லை, நீங்கள். கடைசித் தேதி பயிருக்குப் பயிர், கவுண்டிக்குக் கவுண்டி மாறும். தேனீ வளர்ப்பவர்கள் தங்கள் கூட்டங்களின் எண்ணிக்கையை ஜனவரி 2க்குள் கொடுத்துவிட வேண்டும்.

வறட்சி உதவிக்கு இந்த அறிக்கைதான் அஸ்திவாரம். பயிர் எதுவும் போடாமல் வெறும் புல்தரை வைத்திருப்பவர்கள் “நமக்கு எதற்கு இது” என்று விட்டுவிடுகிறார்கள். புல்லும் இங்கே பயிர்தான்.

படி 3: எந்த இழப்புக்கு எந்தத் திட்டம்?

நான்கு நிலையான திட்டங்கள் 2014 பண்ணைச் சட்டத்தில் இருந்து வருகின்றன. இவற்றுக்கு ஒவ்வொரு பேரிடரின்போதும் நாடாளுமன்றம் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டியதில்லை.

மாடு, ஆடு, கோழி செத்தால் எல்.ஐ.பி. காட்டுத்தீ, வெள்ளம், பனிப்புயல், சூறாவளி, மின்னல், கடும் வெப்பம் எல்லாம் இதில் வரும். வறட்சி வராது! தண்ணீரும் தீனியும் இல்லாமல் மாடு செத்தால் அது உங்கள் பராமரிப்புக் குறைபாடு என்பது அரசின் வாதம். கசப்பாகத்தான் இருக்கும், ஆனால் விதி அப்படி. இன்னொரு நிபந்தனை, விலங்கு வியாபாரத்துக்கு வளர்க்கப்பட்டதாக இருக்க வேண்டும். செல்லமாக வளர்த்த ஆடும், குழந்தைகள் சவாரிக்கு வைத்திருந்த குதிரையும் கணக்கில் சேராது.

வறட்சியில் மேய்ச்சல் போனால் எல்.எஃப்.பி. இதற்கு நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டாம் என்பது இதன் அழகு, வரைபடமே பேசும். நெப்ராஸ்கா-லிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய வறட்சித் தணிப்பு மையமும் மத்திய அரசு அமைப்புகளும் சேர்ந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் வறட்சி வரைபடம் வெளியிடுகின்றன. டி0 (வழக்கத்தைவிட வறண்ட நிலை) முதல் டி4 (மிகக் கடும் வறட்சி) வரை நிறம். உங்கள் கவுண்டியின் ஏதாவது ஒரு மூலை, மேய்ச்சல் காலத்தில் டி3 நிறத்தை ஒரு வாரம் தொட்டாலும் கவுண்டி முழுக்க மூன்று மாதத் தொகைக்குத் தகுதி. டி3 நான்கு வாரம் நீடித்தாலோ, டி4 ஒரு தடவை வந்தாலோ நான்கு மாதம். டி4 நான்கு வாரம் என்றால் ஐந்து மாதம். டி2 நிலைக்கு முன்பு தொடர்ந்து எட்டு வாரம் வேண்டும் என்றிருந்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் அதைத் தளர்த்தி, தொடர்ந்து நான்கு வாரத்துக்கு ஒரு மாதத் தொகை, எட்டு வாரத்தில் ஏழு வாரம் இருந்தால் இரண்டு மாதத் தொகை என்று மாற்றியது.

உங்கள் நிலத்தில் மழை பெய்து புல் பச்சையாக இருந்தாலும் கவுண்டியின் மறுகோடி காய்ந்திருந்தால் பணம் உண்டு. நேர்மாறாக, உங்கள் புல் கருகிக் கிடக்க, வரைபடம் டி1ல் நின்றுவிட்டால் ஒன்றும் கிடையாது. இது நியாயமா என்று பண்ணைக்காரர்கள் கேட்காத வருடம் இல்லை. வரைபடம் தவறு என்று தோன்றினால் புலம்புவதைவிட, அந்த மையத்தின் இணையதளத்தில் உங்கள் நிலத்தின் நிலைமையைப் படத்தோடு பதியலாம். வரைபடம் வரைகிறவர்கள் அவற்றையும் பார்க்கிறார்கள்.

இப்போது பலர் தடுக்கி விழும் இடம். தீயில் மேய்ச்சல் போனால்? எல்.எஃப்.பி.யிலும் “தீ” என்ற சொல் இருக்கிறது, ஆனால் அது மத்திய அரசின் மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, தீயால் அங்கே மாட்டை விடக்கூடாது என்று தடை வந்தவர்களுக்கு மட்டும். பான்ஹாண்டிலில் எரிந்த நிலம் பெரும்பாலும் தனியார் நிலம். அங்கே கேட்க வேண்டியது ஈலாப். எரிந்த புல், எரிந்த வைக்கோல் உருளைகள், வறட்சியில் தண்ணீர் லாரியில் கொண்டுவந்த செலவு, 25 மைலுக்கு மேல் தொலைவில் இருந்து தீனி ஏற்றிவந்த செலவு, தேனீக் கூட்டங்கள், பண்ணை மீன் என வேறு எதிலும் அடங்காதவை எல்லாம் இதில்தான் அடங்கும். பொதுவாக 60 சதவீதம் தருவார்கள். பண்ணைத் தொழிலுக்கு வந்து பத்து வருடம் ஆகாதவர்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் 90 சதவீதம். நம்மவர்களில் பலர் பத்து வருடத்துக்கு உட்பட்டவர்கள்தான். அதற்கென ஒரு படிவம் இருக்கிறது, சி.சி.சி.-860, கேட்டு வாங்கிப் போட்டு வையுங்கள்.

பழமரமும் கொடியும் நாற்றங்கால் மரமும் செத்தால் டி.ஏ.பி. என்ற திட்டம் மறுநடவுச் செலவில் ஒரு பங்கைத் தரும். பழம் விளையாமல் போனதற்கு இது தராது.

வெண்டை, பாகல் என்று காய்கறி போடுகிறவர்களுக்கு வேறு கதை. பயிர்க் காப்பீடு கிடைக்காத பயிர்களுக்கு என்.ஏ.பி. என்ற ஏற்பாடு இருக்கிறது, ஆனால் அதை முன்கூட்டியே வாங்க வேண்டும். ஒரு பயிருக்கு 325 டாலர், ஒரு கவுண்டிக்கு அதிகபட்சம் 825 டாலர் கட்டணம். புதிய விவசாயிகளுக்குக் கட்டணமே இல்லை. அடிப்படைப் பாதுகாப்பு என்பது விளைச்சலில் பாதிக்கு மேல் போனால்தான், அதுவும் சந்தை விலையில் 55 சதவீதக் கணக்கில்தான். சொற்பம்தான். ஆனாலும் கட்டணம் இல்லாமல் கிடைக்கும்போது வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் தெரியவில்லை.

ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். “எங்கள் கவுண்டியைப் பேரிடர்ப் பகுதியாக அறிவிக்கவில்லையே” என்று விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் உண்டு. வேளாண்மைச் செயலரின் அறிவிப்பு அவசரக் கடனுக்குத்தான் தேவை. மேலே சொன்ன திட்டங்களுக்கு அது வேண்டியதில்லை.

படி 4: ஆதாரம் சேர்ப்பது

தீ போன மறுநாள் காலையில் பண்ணைக்குள் நுழையும்போது கையில் இருக்க வேண்டியது போன். செத்துக் கிடக்கும் ஒவ்வொரு மாட்டையும் மூன்று விதமாகப் படம் எடுங்கள்: காதுவில்லை எண் தெரியும்படி கிட்டத்தில் ஒன்று, முழு உடலும் தெரியும்படி ஒன்று, பின்னால் கருகிய நிலமும் ஏதாவது அடையாளமும், காற்றாலைத் தூணோ தண்ணீர்த் தொட்டியோ, தெரியும்படி ஒன்று. போனில் தேதியும் இடமும் பதியும் வசதி இயங்குகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். காதுவில்லை உருகிப் போயிருந்தால் சூட்டுக்குறி தெரியும் பக்கத்தைப் படம் எடுங்கள். புதைக்கும் முன்போ, கழிவு லாரி ஏற்றிப்போகும் முன்போ இதெல்லாம் முடிந்துவிட வேண்டும். லாரிக்காரர் கொடுக்கும் ரசீதில் எத்தனை உருப்படி என்று எழுதச் சொல்லுங்கள்.

இறந்த எண்ணிக்கை மட்டும் போதாது. பேரிடருக்கு முன்னால் மொத்தம் எத்தனை இருந்தது என்பதற்கும் சான்று கேட்பார்கள், ஏனென்றால் இயல்பாகச் சாகும் உருப்படிகளுக்காகக் கழிக்கும் எண்ணிக்கை (படி 6ல் வருகிறது) அந்த மொத்தத்தில் இருந்துதான் கணக்காகும். கன்று ஈன்ற பதிவேடு, ஏலச் சந்தையில் வாங்கிய விற்ற சீட்டு, வங்கிக் கடனுக்குக் கொடுத்த கால்நடைக் கணக்கு, கால்நடை மருத்துவரின் தடுப்பூசி ரசீது, வரித் தாக்கல், எது இருந்தாலும் உதவும். எடைவாரியாகத்தான் விலை என்பதால் பசு, காளை, கிடாரி, சின்னக் கன்று, பெரிய கன்று என்று பிரித்து எழுதி வையுங்கள்.

காயம்பட்ட மாடுகளையும் மறக்காதீர்கள். மடியும் குளம்பும் வெந்துபோன மாட்டை அடிமாட்டு விலைக்கு விற்க நேர்ந்தால் அந்த விலைக்குறைவுக்கும் எல்.ஐ.பி. உண்டு, விற்ற சீட்டு கட்டாயம். நாலு நாள் கழித்துக் கால் வீங்கிச் செத்ததையும் சேர்க்கலாம், மருத்துவர் தீயால்தான் என்று எழுதிக் கொடுத்தால் நல்லது.

வைக்கோலுக்கு: எத்தனை உருளை, ஒன்று எத்தனை ராத்தல், எங்கே வாங்கியது அல்லது எந்த வயலில் அறுத்தது. தண்ணீர் லாரிக்கு: ஒவ்வொரு நடைக்கும் தேதி, காலன், மைல். இதையெல்லாம் டிராக்டரின் முன்பெட்டியில் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் உள்ள கிழவர்களைப் பார்த்திருப்பீர்கள். அன்றன்றைக்கு எழுதிய அந்த நோட்டு, பிறகு உட்கார்ந்து தயாரித்த எக்செல் தாளைவிட அலுவலகத்தில் அதிகம் எடுபடும்.

படி 5: தேதிகள்

எல்.ஐ.பி., ஈலாப், எல்.எஃப்.பி. மூன்றுக்கும் இப்போதைய கடைசித் தேதி, இழப்பு நடந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் மார்ச் 1. படிவங்கள் முறையே சி.சி.சி.-852, 851, 853. மார்ச் வரை நேரம் இருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம். இழப்பு தெரிந்த அந்த வாரமே போன் பண்ணிச் சொல்லுங்கள், யாரிடம் எந்தத் தேதியில் சொன்னீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

என்.ஏ.பி. இந்தத் தாராளம் காட்டாது. இழப்பு தெரிந்த 15 நாளுக்குள் சி.சி.சி.-576 கொடுக்க வேண்டும். கையால் பறிக்கும் காய்கறிக்கு 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். அதிகாரி வந்து பார்க்கும் வரை கெட்ட பயிரை உழுது அழிக்கக்கூடாது.

படி 6: எவ்வளவு வரும்?

எல்.ஐ.பி.க்கு அரசு ஆண்டுதோறும் ஒவ்வொரு வகை விலங்குக்கும் ஒரு சந்தை விலை நிர்ணயிக்கிறது. அதில் 75 சதவீதம் தருவார்கள். ஆனால் எந்தப் பேரிடரும் இல்லாத வருடத்திலும் மந்தையில் சில உருப்படி சாகத்தானே செய்யும்? அந்த இயல்பான சாவு எண்ணிக்கையைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு. ஒரு பேச்சுக்கு, 60 பசு இருந்தது, 15 செத்தது, இயல்பான சாவு 2 சதவீதம், விலை 1,500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 60ல் 2 சதவீதம் 1.2. மீதி 13.8 பசு. 13.8 பெருக்கல் 1,500 என்றால் 20,700. அதில் 75 சதவீதம் 15,525 டாலர். மத்திய அரசின் செலவுக் குறைப்புச் சட்டத்தின்படி இதிலும் 5.7 சதவீதம் பிடிப்பார்கள். கையில் வருவது ஏறக்குறைய 14,640 டாலர். இந்தப் பிடித்தத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, வங்கியில் விழுந்த பிறகுதான் “ஏன் குறைகிறது” என்று கேட்கிறார்கள்.

எல்.எஃப்.பி.யில் இரண்டு கணக்குப் போட்டு எது குறைவோ அதைத் தருவார்கள். ஒன்று, உங்கள் மாடுகளின் மாதத் தீனிச் செலவு. இன்னொன்று, உங்கள் நிலம் எத்தனை மாட்டைத் தாங்கும் என்பது. 320 ஏக்கர் இயற்கைப் புல்தரை, ஒரு மாட்டுக்கு 16 ஏக்கர் தேவை என்று கவுண்டிக் குழு வைத்திருந்தால், நிலம் தாங்குவது 20 மாடு. நீங்கள் 30 மாடு வைத்திருந்தாலும் 20க்குத்தான் பணம். தீனிச் செலவின் 60 சதவீதம் மாட்டுக்கு மாதம் 30 டாலர் என்று வைத்தால், மூன்று மாதத்துக்கு 1,800. பிடித்தம் போக 1,700க்குச் சற்றுக் குறைவு. பெரிய தொகை இல்லை. ஆனால் இந்த விண்ணப்பம் போட்டு வைத்திருப்பதன் உண்மையான லாபம் வேறு, அதைப் படி 8ல் சொல்கிறேன். எல்.எஃப்.பி.க்கு ஒருவருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர் உச்சவரம்பு. எல்.ஐ.பி.க்கும் ஈலாப்புக்கும் 2018க்குப் பிறகு உச்சவரம்பு இல்லை.

யாருக்குப் பணம் என்பதும் முக்கியம். சொத்து வரியைக் குறைக்க விவசாய மதிப்பீடு வேண்டும் என்று பக்கத்துப் பண்ணைக்காரரின் மாடுகளை உங்கள் நிலத்தில் மேய விட்டிருக்கிறீர்கள் என்றால், மாட்டுக்கான பணம் அவருடையது. வறட்சிப் பணமும் பெரும்பாலும் அவருக்குத்தான் போகும், நிலத்தைக் குத்தகையாக அவர் வைத்திருப்பதாக ஒப்பந்தம் இருந்தால். வாய்ப்பேச்சு ஒப்பந்தம் என்றால் இரண்டு பேருக்கும் சிக்கல். அரைப் பக்கம் ஆனாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள்.

படி 7: வேலியை உடனே கட்டத் தொடங்காதீர்கள்

தீயில் வேலி விழுந்து கிடக்கும், மிச்ச மாடுகள் நெடுஞ்சாலையில் நிற்கும். உடனே கம்பியை இழுத்துக் கட்டத்தான் மனம் துடிக்கும். வேலிக்கு உதவுவது ஈ.சி.பி. என்ற திட்டம், செலவில் 75 சதவீதம் வரை, புதிய விவசாயிகளுக்கு 90 சதவீதம் வரை. ஒரு பேரிடருக்கு ஒருவருக்கு 5 லட்சம் டாலர் உச்சவரம்பு. ஆனால் விண்ணப்பத்துக்கு முன்னால் தொடங்கிய வேலைக்குப் பொதுவாகப் பணம் இல்லை. பேரிடரின் அளவைப் பார்த்து இந்த விதியைத் தளர்த்துவதும் உண்டு, ஆனால் அதை நீங்களாக அனுமானிக்கக்கூடாது. முதலில் அலுவலகத்தில் விண்ணப்பம், பிறகு கடப்பாரை. அவசரத்துக்கு மின்கம்பி வேலி ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டு மாட்டை அடைத்துக்கொள்ளுங்கள். அதையும் போனில் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

பாதி எரிந்த முள்கம்பியைப் பார்த்து “இது நன்றாகத்தான் இருக்கிறது” என்று விட்டுவிடாதீர்கள். தீயில் துத்தநாகப் பூச்சு போய்விடும், கம்பி துருப்பிடித்து ஒடியும். மரத்தூண் வெளியே முழுதாக நின்றாலும் மண்மட்டத்தில் கரியாகியிருக்கும்; காலால் தள்ளிப் பாருங்கள். அதிகாரி வரும்போது இதைக் காட்டினால்தான் அளவில் சேரும்.

இந்தத் திட்டத்துக்குப் பணம் எப்போதும் தயாராக இருக்காது. கவுண்டிக் குழு கேட்டு, மேலிடம் ஒதுக்கி, பிறகுதான் விண்ணப்பம் திறக்கும். அதுவரை செய்யக்கூடியது, எரிந்த வேலியின் நீளத்தை வரைபடத்தில் குறித்து வைப்பதுதான்.

படி 8: தனி ஒதுக்கீடுகள்

நிலையான திட்டங்களுக்கு மேல், சில வருடங்களில் நாடாளுமன்றம் தனியாகப் பெரிய தொகை ஒதுக்கும். 2024 டிசம்பர் 21 அன்று கையெழுத்தான சட்டம் 2023, 2024 பேரிடர்களுக்காக விவசாயிகளுக்கு ஏறத்தாழ 2,078 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் கால்நடைக்காரர்களுக்கான வறட்சிப் பங்கை 2025ல் எப்படிக் கொடுத்தார்கள்? புதிய விண்ணப்பம் கேட்கவே இல்லை. அந்த இரண்டு வருடங்களில் எல்.எஃப்.பி. வாங்கியவர்களின் பட்டியலை எடுத்து, அவர்கள் கணக்கில் நேரடியாகப் போட்டுவிட்டார்கள். 2021 வறட்சிக்கும் முதல் தவணையை இதே மாதிரிதான் கொடுத்தார்கள். “1,700 டாலருக்கு யார் போய் அலைவது” என்று எல்.எஃப்.பி.யை விட்டவர்கள் அந்த இரண்டாவது பணத்தையும் விட்டார்கள். வெள்ளத்துக்கும் தனியார் நில காட்டுத்தீக்கும் 2025 செப்டம்பரில்தான் தனி விண்ணப்பம் திறந்தார்கள், மூடுவதற்குச் சில வாரங்களே கொடுத்தார்கள். அலுவலகத்தின் மின்னஞ்சல் பட்டியலில் உங்கள் முகவரி இருந்தால் இந்த அறிவிப்புகள் வந்துவிடும்.

பயிர்களுக்கான தனி ஒதுக்கீட்டில் ஒரு கொக்கி உண்டு. பணம் வாங்கினால் அடுத்த இரண்டு பயிர் ஆண்டுக்குக் காப்பீடோ என்.ஏ.பி.யோ எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் வட்டியோடு திருப்பிக் கேட்பார்கள்.

படி 9: மறுத்தால்

மறுப்புக் கடிதம் வந்தால் 30 நாள் இருக்கிறது. முதலில் கவுண்டிக் குழுவிடமே மறுபரிசீலனை கேட்கலாம். குழுவில் இருப்பவர்கள் உங்களைப் போன்ற பண்ணைக்காரர்கள். அந்த வருடம் எந்தப் பக்கம் எப்படி எரிந்தது என்று அவர்களுக்குத் தெரியும். நேரில் போய்ப் பேச நேரம் கேளுங்கள், புது ஆதாரம் இருந்தால் கொண்டு போங்கள். அங்கும் சரிவரவில்லை என்றால் மாநிலக் குழு, அல்லது எஃப்.எஸ்.ஏ.க்கு வெளியே தனித்து இயங்கும் தேசிய மேல்முறையீட்டுப் பிரிவு. வக்கீல் இல்லாமலே போகலாம். விதியே உங்களுக்கு எதிராக இருந்தால், அதாவது வறட்சியில் செத்த மாடு மாதிரி, மேல்முறையீட்டில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். ஆதாரம் போதவில்லை என்று மறுத்திருந்தால் மட்டும் கட்டாயம் போராடுங்கள்.

இந்தக் குழுவுக்கான தேர்தல் சீட்டு ஒவ்வொரு நவம்பரும் தபாலில் வரும். விளம்பரக் கடிதம் என்று நினைத்துக் குப்பையில் போடுகிறவர்கள்தான் அதிகம்.

பணம் வந்த பிறகு

இந்தத் தொகைகள் பொது ஆவணம். யார் எவ்வளவு வாங்கினார் என்ற விவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக வாங்கி, வாஷிங்டனில் இருக்கும் என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பு கவுண்டிவாரியாக இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. உங்கள் கவுண்டியைத் தேடினால் எந்தத் திட்டத்தில் எந்த வருடம் எவ்வளவு வந்தது, அதிகம் வாங்கியவர்கள் யார் என்று தெரியும். நிலம் வாங்கும் முன்பே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வறட்சிப் பணம் அடிக்கடி வரும் கவுண்டி என்றால், புல் அங்கே அடிக்கடி காயும் என்று பொருள். உங்கள் பெயரும் ஒரு நாள் அங்கே இருக்கும். ஊரில் யாராவது கேட்டால் சங்கடப்பட ஒன்றும் இல்லை.

வரியும் உண்டு. ஜனவரியில் 1099-ஜி படிவம் வரும், வரித் தாக்கலில் பண்ணை வருமானத்துக்கான ஷெட்யூல் எஃப்-ல் காட்ட வேண்டும். பயிர் அழிந்ததற்கு வந்த தொகையைச் சில நிபந்தனைகளோடு அடுத்த வருட வருமானமாகத் தள்ளலாம். வறட்சியால் வழக்கத்தைவிட அதிகமாக மாடு விற்க நேர்ந்திருந்தால், இனப்பெருக்கத்துக்கோ பாலுக்கோ வைத்திருந்த மாடுகளாக இருக்கும் பட்சத்தில், மத்திய அரசு அறிவித்த வறட்சிப் பகுதி என்றால் நான்கு வருடத்துக்குள் வேறு மாடு வாங்கி அந்த லாபத்துக்கான வரியை ஒத்திப்போட முடியும். ஐ.டி. சம்பளத்துக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பழகிய ஆடிட்டருக்கு இது தெரியாமல் இருக்கலாம். கவுண்டியில் பண்ணைக்காரர்கள் யாரிடம் போகிறார்கள் என்று விசாரித்து அவரிடம் போங்கள்.